வற்றத்தில் அளந்தது

அளவைத் தாளில் இந்த இடத்தின் பெயர்
தரிசு.

காட்டுக்குப்பத்து தேசராணி
பறியைப் பல்லில் கவ்வியபடி
இடுப்பளவு ஓடையில் குனிந்து
சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.
வாய் திறந்தால் இறால் போய்விடும்;
நான் கேட்டதற்கெல்லாம்
புருவம்தான் பதில்.

வற்றத்தில் வந்திருந்தோம்.
உமரி சிவந்து கிடந்தது கண்ணெட்டும் வரை,
சாம்பல் குழாய் கசிந்த பக்கம் மட்டும்
சிமெண்ட் நிறம்.
அங்கே கொக்கும் இறங்கவில்லை.

ஒன்பது கல் நட்டோம்.
பத்தாவதுக்குத் தோண்டிய குழியிலிருந்து
நண்டொன்று ஏறி வந்து
எங்களைப் பார்த்தது.
வேறு வழியின்றிக்
குழியைத் தள்ளித் தோண்டினோம்.

நாலு மணிக்கு மேல் ஓதம் ஏறியது.
அவசரமே இல்லை அதற்கு.
முதல் கல், மூன்றாம் கல்,
என் செருப்பு,
டிரைவர் பெஞ்சமின் கீழே வைத்த
டீ கிளாஸ்.
கண்டல் வேர்களுக்குள்
மடவைக் குஞ்சுகள் வீடு திரும்பின.

கரையேறிப் பறியை இறக்கிய பிறகுதான்
அவளுக்கு வாய் வந்தது:
"எல்லாம் எழுதிக்கினியா சார்?
இப்போ வந்துச்சே தண்ணி,
அது எந்த சர்வே நம்பரு?"

குறிப்புகள் என்ற கட்டத்தில்
மாலை 4.40 என்று எழுதினேன்.
அதற்குமேல் அதில்
இடம் விடவில்லை அச்சடித்தவர்கள்.