கிழக்கு முனை

குடிமங்கலம் தாண்டி, வாய்க்கால் மேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் மைதானம்.
ஒருபுறம் சோளத்தட்டுப் போர்,
ஒருபுறம் கோழிப்பண்ணையின் நீளத் தகரம்.
எங்கெங்கோ நின்றும்
ஒரே திசை பார்க்கும் காற்றாடிகள்.

வாரத்தில் ஆறு நாள்
காற்றாலை அறையில் உட்கார்ந்து
மணிக்கொருதரம் காற்றின் வேகம் எழுதுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை ரன் எழுதுகிறேன்.
இரண்டும் ஒரே கணக்கு என்று புரிய
மூன்று ஆடி ஆயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துவிட்டால்
டென்னிஸ் பந்துக்கு ஏது சொந்தப் புத்தி?
மேற்கு முனையிலிருந்து நாச்சிமுத்து போட்டால்
பாம்பாய் வளைந்து ஸ்டம்பைக் கொத்தும்.
தூக்கி அடித்தால்
வானத்திலேயே நின்று யோசித்து
அடித்தவன் தலைக்கே திரும்பி வரும்.
வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தே தோற்றார்கள்.
நாங்கள் பொறுத்திருப்போம்,
கிழக்கு முனை ஓவர் வரட்டும் என்று.
மட்டையை லேசாகக் காட்டினால் போதும்,
மிச்சத்தை மேக்கத்திக் காத்து சுமந்துபோய்
வாய்க்காலில் போடும்.
ஆறு.

உள்ளூரில் பதினாறுக்குப் பதினாலு வெற்றி.
டீக்கடைச் சுவரில் நாச்சிமுத்து படம்.
வெளியூரில் பதினொன்றுக்கு இரண்டு.
‘பஸ்ஸுல போனா கை இறுகிப் போகுதுங்’
என்றான் கேப்டன் திருமூர்த்தி.
‘அவனுக அம்பயரு’ என்றார்கள் மற்றவர்கள்.
நோட்டில் நான் பெயர் எழுதாத
பன்னிரண்டாவது ஆள் ஒருவன் இருந்தான்.
சொல்லவில்லை.
ஜெயிக்கிறவன் காதில் காற்று ஏறாது.

திருப்பூரில் இறுதிப் போட்டி.
நாலு புறமும் பனியன் கம்பெனிச் சுவர்.
கம்பத்தில் கொடி
நனைந்த துண்டாய்த் தொங்கியது.
நாச்சிமுத்துவின் பந்து நேராகப் போனது,
நேராகவே போனது,
மூன்று ஓவரில் நாற்பத்தாறு.

அப்புறம் அமணலிங்கம்.
யாரென்று கேட்பீர்கள்.
ஐந்து வருடமாய்க் கிழக்கு முனையில் போடுகிறவன்.
கண்ணில் மண் விழ, காற்றை நெஞ்சில் வாங்கி ஓடி வருவான்.
விட்ட பந்தைக் காற்று பிடித்து நிறுத்தி
ஆடுகிறவனுக்குத் தட்டில் வைத்துத் தரும்.
ஓவருக்குப் பதினாலு என்று
நானே எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில்,
வட்டம் போட்டு.

அன்றும் அவன்
ஒரு சுவரைத் தள்ளுகிறவன் வேகத்தில்தான் வந்தான்.
சுவர் இல்லை.
மட்டை இறங்குவதற்குள் குச்சி பறந்தது.
நாலு ஓவர், ஒன்பது ரன், ஐந்து விக்கெட்.
பயந்துபோய்த் தன் கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தோற்றோம், ஏழு ரன்னில்.
எங்கள் ஆட்கள் தூக்கியதெல்லாம்
எல்லைக்கு நாலடி உள்ளே
பழுத்துப் பழுத்து விழுந்தது, காத்திருந்த கைகளில்.

பல்லடம் தாண்டியதும் வேன் சன்னலை அறைந்தது காற்று.
‘வந்துட்டான் நம்மாளு’ என்று யாரோ சிரித்தார்கள்.
அமணலிங்கம் தூங்குவதுபோல் இருந்தான்.

ராத்திரி பழைய நோட்டுகளைப் பிரித்து
ஒவ்வொரு ஓவருக்கும் பக்கத்தில் ஓர் அம்பு வரைந்தேன்.
சிவப்பு வட்டங்களைச் சுரண்டிப் பார்த்தேன்.
தாள்தான் கிழிந்தது.

அடுத்த ஞாயிறு, நல்ல காற்று.
திருமூர்த்தி பந்தை நீட்டினான்:
‘மேக்கால இருந்து போடறயா?’
நாச்சிமுத்து ஷூ கயிற்றை
அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.
‘அப்பக் கெழக்கால ஆருங் போடறது?’
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
வாய்க்கால் பக்கம் நடந்தான் அமணலிங்கம்.

ஓடத் தொடங்கும் இடத்துக்கு
நடந்து போகும்போது மட்டும்
காற்று அவன் பக்கம்.