எட்டாம் இடத்தில் ஓர் ஆக்சிஜன்

உலர்பனியில் புதைந்து வந்த பொட்டலத்தில்
சுண்டுவிரல் உயரக் குப்பி.
அடியில் ஒட்டிக் கிடக்கிறது
வெள்ளைத் தூள், ஐந்து மில்லிகிராம்.
ரசீதில் கையெழுத்திடுகிறாள் ஹெட்விகா.
இந்த மாடியில்
காயத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள்.

டிஆக்சிகுவானோசின்:
சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் இல்லை என்று
பெயரிலேயே சொல்லிவிடுகிற பொருள்.
இதற்கோ எட்டாம் இடத்தில்
ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, கேட்காமல்.
அவ்வளவுதான்.
ஆனால் படியெடுப்பவன் கண்ணுக்கு
ரகரம் றகரமாகத் தெரிய
அது போதும்.
கரி என்றிருந்த இடத்தில் கறி என்று எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விடுவான்.
அவன் எழுதியதைப் பார்த்து இன்னொருவன்.

ஆஸ்ட்ராவாவில் ஜனவரி.
புகை மேலே போக மறுத்து
தெருவிலேயே தங்கிவிட்ட பத்தாவது நாள்.
கோக் உலையின் கதவு திறக்கும்போதெல்லாம்
ட்ராம் ஜன்னல்களில் ஒரு நொடி
யாரோ சிவப்பு பூசி அழிக்கிறார்கள்.

காலை ஷிப்ட் முடிந்து
நாற்பது பேர் நாற்பது புட்டிகளை வைத்துவிட்டுப் போனார்கள்.
"பீர்தான், ஒருமுறை வடிகட்டியது" என்றார்
பதினேழாம் எண், போஹுமீர் கலேட்டா.
இருபத்தாறு வருடம் உலையின் மேல்தளம்.
செருப்பின் அடி உருகும் இடம்.

கனத்த நைட்ரஜன் பூட்டிய இரட்டைப் பிறவியை
ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துளி விட்டு
இயந்திரத்தில் ஏற்றினாள்.
விலைக்கு வாங்கிய காயம்
உழைத்து வாங்கிய காயத்தை அடையாளம் காட்டியது:
திரையில் ஒரு முள், பக்கத்தில் இன்னொரு முள்.

பதினேழாம் எண்தான் எல்லாரிலும் குறைவு.
நூலகத்தில் அட்டை ஒட்டும் பெண்ணைவிடக் குறைவு.
விஷயம் எப்படியோ உடைமாற்றும் அறைக்குப் போய்
அன்று மாலை எல்லாருக்கும் கலேட்டாவின் செலவு.

ஹெட்விகா போகவில்லை.
மூன்று முறை திரும்ப ஓட்டினாள்.
புட்டியில் வருவது காயமில்லை,
வெட்டி எறியப்பட்ட காயம்.
உள்ளே கத்தரிகள் இருக்கின்றன;
தப்பெழுத்தைத் தேடி, நறுக்கி,
சிறுநீரோடு அனுப்பிவிடும்.
குறைவு என்றால்
காயமே குறைவாக இருக்கலாம்.
அல்லது
கத்தரி மழுங்கியிருக்கலாம்.
புட்டிக்கு இரண்டும் ஒரே எண்.

வியாழக்கிழமை வரச் சொன்னாள்.
"குறைவு நல்லதுதானே?"
"தெரியல. ஒரு குழாய் ரத்தம் வேணும்."
அவர் சிரிப்பு கொஞ்ச நேரம்
முகத்திலேயே நின்றது,
வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாதவன் போல.

சட்டைக்கையைச் சுருட்டினார்.
முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு,
வழவழப்பாக, பிஞ்சு நிறத்தில்.
"இது ஆறினது, பாருங்க" என்றார்
சாட்சி சொல்வது போல.
அவள் தழும்பைத் தாண்டி நரம்பைத் தேடினாள்.

ரத்தம் உறையாமலிருக்க
குழாயைத் தலைகீழாகச் சாய்த்து, நிமிர்த்தி,
மறுபடி சாய்த்து.
கலேட்டா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
எட்டில் நிறுத்தினாள்.
வெளியே உலைக்கதவு திறந்தது.