ஏழு மீற்றர்

பங்குனியில் முதலாவது ஓட்டம்.
ஞாயிறு காலமை ஒன்பதரைக்கே
தயாபரன் ரயர் கடைச் சட்டரை அரைவாசி இறக்கிவிட்டான்.
கொம்பிரசருக்கு மேல் போன், போனுக்கு முண்டாக ஒரு பழைய பெயாரிங்,
நாங்கள் நாலு பேர்.
மாங்குளச் சந்தியில் வவுனியா பஸ் ஹோர்ன் அடித்தால்
ஒரு சுற்றின் சத்தம் முழுக்கப் போய்விடும்.

எங்கட ஆள் கடைசி வரிசையில் தொடங்குகிறவன்.
முன்னுக்கு நிக்கிறவனுக்குக் கைதட்ட உலகம் இருக்கு
என்றாள் யசோதினி, அவ்வளவுதான் காரணம்.
அன்ரனீற்றாவுக்கு அவன்ரை தலைக்கவசத்தின் நிறம் பிடித்திருந்தது.

திங்கள் ஆறரைக்கு அம்பகாமத்துக் காட்டில்
நான் என்ரை தலைக்கவசத்தைப் போடுகிறேன்.
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
மூச்சு விட்டால் புகார் பிடிக்கும்.
முழங்காலில் இருந்து
புல்லை வெட்டி, கருவியை ஆட்டி,
மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டி,
ஒரு பல் அளவு, பிறகு இன்னொரு பல் அளவு.
துப்பரவான பக்கம் வெள்ளைத் தடி.
இன்னும் பார்க்காத பக்கம் சிவப்புத் தடி.
ஓட்டத்தில் வளைவுகளின் ஓரம் பூசியிருப்பதும் இதே ரெண்டு நிறம்.
அதில் அவன் சில்லை ஏற்றி ஏற்றி எடுப்பான்.
ஒவ்வொருதரமும் என்ரை வயிறு சுருங்கும்.
ஆருக்கும் சொன்னதில்லை.

ஒரு நாளைக்கு எனக்கு ஏழு மீற்றர்.
நல்ல மண் என்றால். வேர் இல்லாவிட்டால்.
அவனுக்கு ஒரு பின்னேரத்தில் முந்நூற்றைந்து கிலோமீற்றர்.
சாப்பாட்டு நேரம் யசோதினி போனில் தட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"லீவு நாளைக் கழிச்சா நூற்றெழுபத்து நாலு வருசம் மச்சாள்,
அவன்ரை ஒரு ஓட்டத்தை நீ முடிக்க."
சோத்துப் பார்சலோடு சிரித்துப் புரையேறியது.

வைகாசியில் ஒரு மழை ஓட்டம்.
ஆனியில் கார் புகைந்தது.
ஆடியில் டேற்றா முடிந்து, கடைசி ஐந்து சுற்றையும்
தயாபரனின்ரை தம்பி டோகாவிலிருந்து
போன் எடுத்துச் சொன்னான்:
"பதினாறு... பதினாறு... ஐயோ, பதினேழு."
சிறுபோகம் வெட்டி முடிய
பட்டியலில் அவனுக்கு நேரே இன்னும் சைபர்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை
என்ரை கருவி கத்தியது.
வழக்கமாகத் தகரம், ஆணி, ரவைக் கோது.
அண்டைக்கு ஒரு பச்சை விளிம்பு,
ரின்பால் பேணியின் வாய் அளவு.
விசில் ஊதினேன்.
எல்லாரும் வந்த தடத்தாலேயே பின்னுக்குப் போனார்கள்.
"சிவப்புக் கொடி" என்றாள் யசோதினி,
உதடு மட்டும் அசைய.
மூன்று மணிக்கு வெடிக்க வைத்தார்கள்.
அதுக்குப் பிறகும் ஒரு மயில் கத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஓட்டம்.
தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
முன்னுக்கு மூன்று பேர் முட்டுப்பட்டார்கள்.
ஒருத்தனுக்குப் பின் சில்லுப் பூட்ட ஒன்பது செக்கன்.
"என்னட்டை வந்திருக்கலாம்" என்றான் தயாபரன்,
போன கிழமை ஓட்டோச் சில்லு ஒன்றுக்கு அரை மணித்தியாலம் எடுத்தவன்.
எங்கட ஆள் பதின்மூன்று. பன்னிரண்டு.
கனநேரம் பன்னிரண்டு.
கடைசிச் சுற்றில் பத்து.
பத்தாவதுக்கு ஒரு புள்ளி.

தயாபரன் நெக்டோப் போத்தலைக் குலுக்கித் திறந்தான்.
சுவரில், தொங்கின ரியூப்புகளில்,
அன்ரனீற்றாவின் பூசைச் சட்டையில் சிவப்பு.
ஒட்டுப் போட வந்த மனுசன் சைக்கிளோடு நின்று
"ஆர் வெண்டது?" என்று கேட்டார்.
"பத்தாவதா வந்தவன்" என்றோம்.
அவர் சைக்கிளை மற்றக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

திங்கள், விட்ட இடத்தில் தொடங்கினேன்.
போன மாதம் முடித்துக் கொடுத்த துண்டில்
ஆரோ மாடு கட்டியிருக்கிறார்கள்.
அது எங்கெல்லாம் மிதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்,
மேற்பார்வையாளர் என்ரை பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை.
வெள்ளைத் தடியைப் பிடுங்கி
ஒரு முழம் முன்னுக்கு ஊன்றினேன்.
இன்னும் ஆறு ஓட்டம் இருக்கு.