பேட்டரிக் கடை, கடலூர் முதுநகர்

புயலடித்துக் கரண்ட் வராத ஒன்பதாம் நாள்.
உப்பனாற்றங்கரையிலிருந்து
விசைப்படகு சிங்காரம்
தோளில் சுமந்து வந்து இறக்கினார்,
செத்த பேட்டரியை.

மூடி திருகி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பழுப்பாய் ஒன்று, சாம்பலாய் ஒன்று
இருக்க வேண்டிய தகடுகள்
இரண்டுமே வெளுத்துக் கிடந்தன.
அமிலம் கடிக்க மறந்து
முக்கால்வாசி தண்ணீர்.
மிதவை அடியில் போய் உட்கார்ந்தது.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

சண்டை தீர்ந்துபோச்சுண்ணே, என்றேன்.
ரெண்டும் ஒண்ணுபோல ஆயிடுச்சு.
ஒண்ணு விட, ஒண்ணு வாங்க
அந்த இழுபறிதான் கரண்ட்டு.

அவர் சிரிக்கவில்லை.
வலைக்குப் போக வேண்டும் அவருக்கு.

ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன்.
எரிந்த டீசலில் பாதிக்கு மேல்
சூடாய், புகையாய் வீண்.
மிச்சம் கம்பி வழியே நுழைந்து
தகடுகளைப் பிடித்துத் தள்ளியது,
வந்த வழியே திரும்பிப் போ என்று.
குமிழி. மூக்கைக் கிள்ளும் நெடி.
பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

வீட்டில் வேதாசலமும் நானும்
நாலு மாதமாய்ச் சண்டையே இல்லை.
உனக்கு எப்படியோ அப்படியே எனக்கும்.

இன்று ராத்திரி குழம்பில்
உப்பு போடாமல் விடப் போகிறேன்.