எடை என்ற கட்டம்

எல்லா மலைக்கும் என்று
பலகையின் வாலில் அச்சிட்டிருக்கிறது.
இங்கே மலை ஒன்றுதான்.
அதற்கும் கூரை உண்டு,
பக்கத்துச் சுவரில் வாசனைத் திரவியக் கடை உண்டு.
துபாய் வெயில் வெளியே நாற்பத்தாறு,
கண்ணாடிக்கு அந்தப்புறம் மைனஸ் இரண்டு,
நடுவில் என் கவுன்ட்டர்.

வானத்திலிருந்து விழும் பனியை
நான் பார்த்ததில்லை.
எந்தப் பனிக்கு எந்தப் பலகை என்று
நாளைக்கு அறுபது பேருக்குச் சொல்கிறேன்.

புதிதா? மோவாய் உயரம் போதும்.
திரும்பத் தெரிந்தவளுக்கு மூக்கு வரை.
வேகம் பழகியவளுக்கு நெற்றி,
அதற்கு மேல் அவள் துணிச்சல்.

காலை பத்து மணிக்காரிகளுக்கு
இரவெல்லாம் இயந்திரம் தூவியது கிடைக்கும்,
ஆறவிட்ட சோறு போல் உதிரியாக.
இரவு ஒன்பதுக்கு வருகிறவளுக்கு மிஞ்சுவது
ஆயிரம் பேர் சுரண்டிய சட்டியின் அடி.
அவளுக்கு விளிம்பு தீட்டிய, இடுப்பு குறுகிய பலகை.
ஆம், பலகைக்கும் இடுப்பு என்றுதான் சொல்வது.
எழுபத்தெட்டு மில்லிமீட்டர்.
அதைச் சொல்ல எந்தப் பலகையும் கூசியதில்லை.

அடுத்த வாரம் ஜார்ஜியா போகிறேன் என்கிறாள் ஷம்மா,
அங்கே முழங்கால் ஆழமாம்.
தொண்ணூற்றெட்டு எடு, மூக்கு மேலே வளைந்ததாய்,
மூழ்காமல் மிதக்கும் என்கிறேன்
கடல் கண்டவள் போல.
ஒரே ஒரு ஜோடிதான் வாங்குவாயென்றால் எண்பத்தெட்டு.
எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது,
எதிலும் தோற்காது.

பெண்களுக்கானது என்றால்
பூப்போட்டது என்று நினைக்கிறார்கள்.
ரோஸ் இல்லையா என்றார் அந்தக் கணவர்.
நிறமில்லை சார், மரத்தின் கனம் குறைவு,
வளைவு இளக்கம்,
காலைப் பிணைக்கும் இடம் ஒரு விரற்கடை முன்னால்.
"பிள்ளை பிறந்தாப் பிறகு இவ தொடேல்லை,
பிகினர் எண்டே போடுங்கோ."

இவ என்பவர் குனிந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.
குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி
பின்னுக்கு உட்கார்த்தி
கணுக்கால் கொக்கியை முதலில் இழுத்து.
பிகினர் யாரும் அப்படிப் போடுவதில்லை.

படிவத்தில் பெயர் நவரஞ்சனி.
அடுத்தது எடை என்ற கட்டம்.

இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் குரல் தாழ்த்துவார்கள்.
ஐந்து குறைப்பார்கள், சிலர் பத்து.
சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வேன்.
பிணைப்புக்குச் சிரிக்கத் தெரியாது.
குறைத்துச் சொன்னவளை
நல்ல திருப்பத்தின் நடுவிலேயே கழற்றிவிடும்.
கூட்டிச் சொன்னால்
விழும்போதும் விடாது,
அப்புறம் முழங்கால் பேசும்.

"எழுபத்திநாலு" என்றார்,
வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க.
"ஒஸ்லோவில வளந்தனான்.
மூண்டாம் வகை எண்டு போடுங்கோ."
கணவர் பொம்மைப் பெங்குவின்களின் விலை பார்க்கப் போய்விட்டார்.

திருகாணியை இரண்டு கோடு ஏற்றினேன்.
பலகையை மோவாயிலிருந்து
நெற்றிக்கு மாற்றினேன்.

கண்ணாடி வழியே பார்க்கலாம், ஆனால்
அடுத்து ஏழு பேர், அதில் மூவருக்குச் சாக்ஸ் இல்லை.
ஒருமுறை நிமிர்ந்தபோது
நீல ஜாக்கெட் ஒன்று
கைகளை அசைக்காமலே
இடமும் வலமும் எழுதிக்கொண்டு இறங்கியது.
அவராகவும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஊழியர்களுக்கு இலவச மணி.
பத்து மாதம் தள்ளிப்போட்டு இந்த வாரம் பெயர் கொடுத்தேன்.
ரொவீனா கவுன்ட்டரின் என் பக்கத்தில்,
நான் மறுபக்கத்தில்.
வகை: ஒன்று. உயரம், வயது,
பூட்ஸின் நீளம், எல்லாம் மளமளவென்று.
எடை: அறுபத்தொன்று.

ரொவீனா திருகாணிக் கம்பியைக்
கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

பேனாவைத் திரும்ப வாங்கி
ஒன்றை ஆறாக்கினேன்.
ஒன்றை ஆறாக்குவது சுலபம்,
வயிறு ஒன்று போட்டால் போதும்.