ஓதம்

சாமி படங்களுக்கு இடப்பக்கம்
ஒரு சொளவு அளவுக்கு ஓதம்.
ஏழு வருஷத்தில் மூன்று வைத்தியம்.
முதலில் சொரிமுத்து கொத்தனார்
சுரண்டி, சிமென்ட் பூசி,
"இனி இந்தப் பக்கம் வராது மைனி" என்றார்,
பேயை ஊருக்கு அனுப்பிவைத்த மாதிரி.
அடுத்த ஐப்பசிக்கு வந்துவிட்டது.
பிறகு பட்டி, அதன்மேல்
டப்பாவில் குடை படம் போட்ட பெயிண்ட்.
பிறகு தட்டட்டி முழுக்க வெள்ளைப் பூச்சு;
வெயிலில் கண் கூசியதுதான் மிச்சம்.
கடைசியில் நான் ஒரு காலண்டர் மாட்டினேன்.
அட்டை உப்பி
மார்கழித் தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மண்ணில் உப்பு என்றார் எதிர்வீட்டு தேவசகாயம் சார்.
செங்கல் சரியில்லை என்றான் கொழுந்தன்,
லாரியிலிருந்து நின்று இறக்கியவன் அவன்தான் என்பதை மறந்து.
எல்லாருக்கும் வசதியான காரணம் மழை.
அதைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள்.
பில் எகிறினால் மீட்டரைத் திட்டுவார்கள்.
எந்த மாசத்திலிருந்து என்று கேட்பேன்.
அந்த ஒரு கேள்வியை
என் வீட்டுச் சுவரிடம் ஏழு வருஷம் கேட்கவில்லை.

போன தையில் காலண்டரைக் கழற்றினேன்.
மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு பென்சில்.
ஈரத்தின் விளிம்போடு ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
தினமும் காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு.
"ஏட்டி, சொவரக் கெடுக்காத" என்றார் இவர்.

பங்குனிக்குள் பதினெட்டுக் கோடுகள்.
ஆறு மெலிந்து
கொக்கிரகுளத்தில் பாறை தெரிந்த சமயம்.
ஒரு பொட்டு மழை கிடையாது.
ஓதம் மட்டும் வளர்ந்தது,
ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்
எங்கள் தெருவுக்கு என்ன வரும் என்று
பெருமாள்புரத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

விடியாமல் நாலு மணிக்கு மாடி ஏறினேன்.
கீழே இவர் மோட்டாரைப் போட்டுவிட்டு
நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
மேலே கறுப்புத் தொட்டி
சத்தமே இல்லாமல் வழிந்தது.
டார்ச் அடித்தேன்.
தண்ணீர் தொட்டியின் இடுப்போடு இறங்கி,
கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து,
வடிகுழாய்க்கு ஒரு சாண் முன்னால்
துருப்பிடித்த ஒரு கம்பியின் காலடியில்
நின்றது.
பிறகு உள்ளே போனது.
பூச்சு அடித்தவன் அந்தக் கம்பியைச் சுற்றி
கவனமாக ஒரு வளையம் விட்டிருந்தான்,
குத்துவிளக்கைச் சுற்றிக் கோலம் போடுகிற மாதிரி.

துணிக்கொடி கட்ட ஊன்றிய கம்பி.
குடிவந்த வாரம்
"இன்னும் ஆழமா, போர்வை கனம் தாங்கணும்" என்று
பக்கத்தில் நின்று இறக்கச் சொன்னவள்
நான்.

இவரை எழுப்பவில்லை.
மோட்டாரை அணைத்தேன்.
அந்த அமைதியில் அவரே விழித்துக்கொண்டார்.

மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பிச்சை வந்தார்.
நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்ச்,
அறுநூற்று நாற்பது ரூபாய்.
கம்பியை அறுத்து, ஓட்டையை அடைத்து,
வடிகுழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்தார்.
டீ குடித்தபடி
கண் கூசும் வெள்ளைத் தளத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் கணக்கைச் சொன்னார்.

ஆவணியில் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில்.
சுவருக்கு ஒரு கை பெயிண்ட் அடிக்கலாம் என்றார் இவர்.
ஐப்பசியும் கார்த்திகையும் கழியட்டும் என்றேன்.
மாப்பிள்ளை வீட்டார்
பந்தியில் உட்கார்ந்து தேதிகளை வாசித்தார்கள்.
ஒரு பெரியவர்
பையன் உயரம் அளந்த கோடா என்று கேட்டார்.

இப்போதும் நாலு மணிக்கு இவர் எழுந்துவிடுகிறார்.
தேவையில்லை என்றால் கேட்பதில்லை.
டக்கென்று சுவிட்ச் விழும் சத்தம் வரும்வரை
அதே நாற்காலியில் முழித்திருக்கிறார்.

இன்று புரட்டாசி இருபத்தெட்டு.
தென்காசிப் பக்கம் மின்னுகிறது.
கொடியில் துணி இல்லை, கொடியே இல்லை.
பென்சிலைச் சீவி
சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.