குளிர்பெட்டியைச் சுற்றிக்கொண்டு

கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்கே
ஏவன் ஆறு இரண்டு முறை மனம் மாறித் திரும்பும் இடத்தில்
தெரு அப்படியே இருக்கிறது.
வீடுகள்தான் இல்லை.

கார் ஏறுவதற்கென்று நடைபாதை விளிம்பை
எங்கெங்கே தாழ்த்தினார்களோ
அங்கங்கே இன்னும் தாழ்ந்திருக்கிறது.
அதை வைத்துத்தான் எண்ணுகிறேன்:
டௌஃபா குடும்பம்,
பெயர் சொல்லாமலே பன்னிரண்டு வருஷம்
கையை மட்டும் ஆட்டியவர்,
ஹென்ட்ரிக்,
பிறகு நாங்கள்.

மாதம் இரண்டு முறை மாநகராட்சி புல் வெட்டுகிறது.
எங்கள் கூடமும் ஹென்ட்ரிக்கின் கழிப்பறையும்
இப்போது ஒரே உயரம், ஒரே பச்சை.
தெரிந்தால் மனு எழுதுவார்.
வேலி நாலு விரற்கடை தன் பக்கம் வந்துவிட்டதென்று
ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவோடு நின்றவர்.

பூமி குலுங்கிய அந்த மதியம்
எங்கள் புல்தரையே வாய் திறந்து
சாம்பல் சேற்றைக் கக்கியது.
நிலை கோணி, கதவு இறுகி,
அம்மை போட்டிருந்த பிரையனியோடு
நான் உள்ளே.
தோளால் இடித்துத் திறந்தவர் அவர்தான்.
முழங்கால் சேற்றில் பிள்ளையைத் தூக்கிப் போனார்.
எனக்கு அம்மை வந்ததேயில்லை என்று
தெரு முனையில் வைத்துத்தான் சொன்னார்.
பதினைந்தாம் நாள் அவருக்கும் போட்டது.

மதிப்பிட வந்த அதிகாரி
சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து
சமையலறைத் தரையில் வைத்தார்.
யோசித்து,
மெல்லப் புறப்பட்டு,
அது எங்கள் படுக்கையறைக்குப் போனது.
கட்டிலடியில் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு
போதும் என்றார்.

இடிக்க ஒன்றரை நாள்.
நான் பார்க்கப் போகவில்லை.
மர்ரி போனான்;
கொக்கியோடு ஒரு திரைச்சீலைக் கம்பியைக் கொண்டுவந்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
அது இன்னும் கார் கொட்டகையில் கிடக்கிறது.

இன்று பிளம்ஸ் பறிக்க
வாளியோடு வந்தேன்.
வாசல் இருந்த இடத்தில்
புல்லில் காலைத் துடைத்தேன்.
சமையலறைக்குள்
குளிர்பெட்டி முட்டாமல் உடம்பை ஒருக்களித்தேன்.
யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பினேன்.

பார்த்திருந்தாள்.
கையில் துணிப்பை, கூட ஒரு சிறுவன்,
தாதிச் சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை.
பிலிப்பைன்ஸ்காரியாக இருக்கலாம்.
ரகசியம் போலச் சொன்னாள்:
"இந்த மரத்தில் பறியுங்கள்.
அந்தக் கோடியில் இருப்பது புளிக்கும்."

அந்தக் கோடியில் இருப்பது
ஹென்ட்ரிக்குடையது.
பதினெட்டு வருஷமாக
வேலிக்கு இப்பால் நின்று
நான் சொன்னதும் அதைத்தானே.

"யார் நட்டதோ" என்றாள்,
கிளையை எனக்காகத் தாழ்த்திப் பிடித்தபடி.
நாங்கள் நட்டதல்ல.
வாங்கும்போதே காய்த்துக்கொண்டிருந்தது.
தெரியாதம்மா என்றேன்;
பொய்யில்லை.

சிறுவன் குளியல் தொட்டியில் நின்று தின்றான்.
முழங்கை வரை சாறு.
துடைத்துக்கொள் என்று வாய்வரை வந்தது;
துண்டு மாட்டும் ஆணியை
கண் தேடிவிட்டது.

ஹென்ட்ரிக் இப்போது ரோல்ஸ்டனில்.
புது வீடு, வேலி நேர்கோடாம்,
அளக்க ஒன்றுமில்லை என்று
கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தார்.
புளித்த மரத்திலும் ஒரு பிடி பறித்துக்கொண்டேன்.
தபாலில் நசுங்கும்.
நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வாளி கனத்தது.
சமையலறை வழியாகத் திரும்பினேன்,
வழக்கம்போல் ஒருக்களித்து.
பின்னால் ஓடி வந்த சிறுவன்
என்ன விளையாட்டு என்று கேட்கவில்லை.
அதே இடத்தில்
வயிற்றை எக்கிக்கொண்டு
அவனும் ஒருக்களித்தான்.